எண்பத்து நாலு வீட்டு வேர்வை

எண்பத்து நாலு வீடும் சுண்ணாம்புக்கல் சுடுகிற ஒரு காளவாசலும் இருக்கிற நீற்றுப்பாறையில், சித்திரை பிறந்த வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து யாருக்கும் வேர்க்காமல் போனது. வேர்க்க வேண்டிய அத்தனை பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தி வேர்த்தேன். இதைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் "அப்படியா, தண்ணி நிறையக் குடி" என்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் "அது பழைய கதை" என்கிறார்கள். பழைய கதை இல்லை. என் மகன் முகிலனுக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் வருசத்துக்கு ஒருமுறை காளவாசலுக்குப் புதுத் தீ வைப்பார்கள். அன்றைக்கு வீட்டுக்கு ஒரு கை தண்ணீர் என்று எண்பத்து நாலு வீட்டாரும் ஒரே குடத்தில் ஊற்ற வேண்டும், பால் கொடுக்கிற தாய் ஒருத்தி அந்தக் குடத்திலிருந்து ஒரே ஒரு மடக்குக் குடித்துவிட்டு மீதி முழுவதையும் காளவாசலின் வாயில் ஊற்ற வேண்டும். நெருப்பே, உன் சூடு உன்னோடு, எங்கள் சூடு எங்களோடு என்று அதற்கு அர்த்தம். இந்த வருசம் பால் கொடுக்கிற தாய் நான். ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள், இடுப்பில் பிள்ளையும் தோளில் குடமுமாக ஒன்பது மணிக்கே போய் நின்றேன். ஊர்த் தலைவர் சொர்ணபாண்டி வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. நாலு மணி நேரம், நிழலுக்கு ஒரு துணி கட்டத் தோன்றாத எண்பத்து நாலு வீட்டாருக்கு முன்னால், எரிக்கிற வெயிலில், பிள்ளை ஒரு பக்கம் உறிஞ்ச, வெயில் மறுபக்கம் உறிஞ்ச, நான் ஒரு மடக்குக் குடித்தேன், பிறகு இன்னொரு மடக்கு, பிறகு இன்னொன்று; தலைவரின் ஜீப் சத்தம் கேட்டபோது குடத்தில் சொட்டு இல்லை.

"தண்ணி தீந்து போச்சு அண்ணாச்சி. மறுபடி வீட்டுக்கு ஒரு கை ஊத்தச் சொல்லுங்க" என்றேன்.

சொர்ணபாண்டி வாட்சைப் பார்த்தார், போட்டோ பிடிக்க வந்தவனைப் பார்த்தார்.

"வெறுங்குடத்தைக் கவுத்துக் காட்டும்மா, போட்டோவுக்கு அது போதும். காளவாசலுக்கு என்ன கண்ணா இருக்கு?"

கவிழ்த்தேன். கைத்தட்டினார்கள். தட்டிய கைகள் இறங்குவதற்குள் கூட்டத்தில் அத்தனை நெற்றியும் உலர்ந்தது, என் நெற்றி திறந்தது.

வேர்வை என்றால் நீங்கள் நினைக்கிற வேர்வை இல்லை. நான் நடந்த இடத்தில் கால் தடம் ஈரமாகக் கிடந்தது, தெருநாய் அதை நக்கிக்கொண்டே பின்னால் வந்தது. கட்டிய சேலையைப் பிழிந்தால் அரை வாளி நிரம்பியது. கொடியில் எந்நேரமும் ஏழு சேலை காய்ந்தது, காய்ந்த சேலையை உதறினால் உப்பு கொட்டியது. ஒருநாள் ரசத்துக்கு உப்பு இல்லை என்று முந்தானையை உதறிப் போட்டேன். என் வீட்டுக்காரர் தவமணி காளவாசலில் கல் அடுக்குகிறவர்; ரெண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னைக்கு ரசம் தனி ருசியா இருக்கே" என்றார். "எல்லாம் நம்ம ஊர்க்காரங்க கைப்பக்குவம்தான் அத்தான்" என்றேன்.

முதல் வாரம் எல்லாரும் என்னை வந்து பார்த்தார்கள். ரெண்டாம் வாரம் எல்லாரும் தங்களையே பார்த்துக்கொண்டார்கள். காளவாசல் வாய்க்கு முன்னால் நின்று கல் தள்ளுகிற ஆண்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்குப் போய் அதே மடிப்போடு திரும்பினார்கள், தோளில் துண்டு போடுகிற பழக்கம் ஊரைவிட்டே போனது, பெண்கள் காலையில் பூசிய பவுடர் ராத்திரி வரைக்கும் முகத்தில் அப்படியே நின்றது, கத்திரி வெயிலில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பருப்பு வாங்கக் கடைக்குப் போனார்கள். தையிலும் ஆவணியிலும் வைக்க வேண்டிய விசேசங்களையெல்லாம் அக்கினி நட்சத்திரத்துக்கு மாற்றி வைத்து வெளியூர்ச் சொந்தங்களை அழைத்தார்கள். வந்தவர்கள் பந்தலுக்கு அடியில் ஊறி உருகி வடிவதையும், தாங்கள் மைதா மாவு மாதிரி காய்ந்து உட்கார்ந்திருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சந்தோசப்படுவதற்காகவே சோறு போட்டார்கள். ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி முதல் வேலையாக ஊர் எல்லையில் பலகை வைத்தது: வேர்க்காத ஊர் நீற்றுப்பாறை தங்களை அன்புடன் வரவேற்கிறது. கமிட்டியில் தவமணிக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அதில் உட்கார்ந்து எழுந்த நாளிலிருந்து அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

மூன்றாம் வாரத்தில் எல்லாருக்கும் விசயம் மறந்துபோனது. "நம்ம ரத்தம் அப்படி" என்றார்கள். "நம்ம பாறைத் தண்ணி அப்படி" என்றார்கள். வேர்க்கிறவர்களைப் பார்த்தால் மூக்கைச் சுளித்தார்கள். ஊரில் வேர்க்கிறவள் யார்? நான்தான். ரேசன் கடை வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் நாலு ஆள் இடம் விட்டு நின்றார்கள்.

அடுத்த வீட்டுக் கோமதி சித்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எட்டி அன்னக்கொடி, ரெண்டு வேளை குளிக்கப்பிடாதா? வெந்தய நாத்தம் அடிக்கியே" என்றாள்.

"அது உங்க வேர்வை சித்தி. நேத்து ராத்திரி வெந்தயக்குழம்பா?" என்றேன்.

சித்தி கையை எடுத்தாள், திரும்ப வைத்தாள். வெந்தயக்குழம்புதான்.

ஏனென்றால் எனக்கு எல்லாம் தெரிந்துபோனது. பீடியும் வெங்காயமும் கலந்து வந்தால் அது சொர்ணபாண்டி, ஜவ்வாது வாடையோடு வந்தால் அவர் சம்சாரம் ராஜகனி, சாக்பீஸ் வாடை வந்தால் வாத்தியார். முதுகில் சில்லென்று வழிந்தால் ஊரில் யாரோ பயப்படுகிறார்கள். உள்ளங்கை ஈரமானால் யாரோ பொய் சொல்கிறார்கள். கமிட்டி கூடுகிற நாளில் என் உள்ளங்கையில் கரண்டி நிற்காது, வழுக்கி வழுக்கி விழும். அன்றைக்கு மட்டும் நான் தாளிப்பதில்லை. இவ்வளவு பேரையும் என் தோல் வழியாக வடித்துப் பார்த்த பிறகு சொல்கிறேன், இவர்களைப் பெரிய மனிதர்கள் என்று நினைத்துப் பதினெட்டு வயதில் தலையைக் குனிந்துகொண்டு இந்த ஊருக்குள் வாழ வந்தேனே, அதை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது.

சிரித்துக்கொண்டே இருந்திருப்பேன். பிள்ளை அழ ஆரம்பித்தான்.

புதன்கிழமை தோறும் வருகிற எலிசா நர்சம்மா பக்கத்து ஊர்க்காரர், ஸ்கூட்டரில் வந்து இறங்கும்போதே கழுத்தெல்லாம் ஈரமாக இருப்பார், அதனாலேயே இந்த ஊரில் யாரும் அவருக்கு நாற்காலி போடுவதில்லை. முகிலனைத் தராசில் போட்டார். போன மாதத்தைவிட அரைக்கிலோ குறைவு. பால்மாவு டப்பா வாங்கிக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தேன், சேரவில்லை, வயிற்றால் போனது என்றேன். நர்சம்மா என் மார்பை அழுத்திப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை குடம் குடிக்க?"

"மூணு."

"மூணும் எண்பத்து நாலு வீட்டு வேர்வையாப் போனா பால் எங்கருந்து ஊறும்? பத்து நாள் தாங்கும் பாத்துக்கோ. அதுக்கு மேல பிள்ளை தாங்காது, நீயும் தாங்க மாட்ட."

பிறகு, என் முகத்தைப் பார்த்து, ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்தபடியே நிதானமாகச் சொன்னார்: "உடம்புங்கது நல்ல வீட்டுக்காரி மாதிரி அன்னக்கொடி. உள்ள அடுப்பு எரிஞ்சா ஜன்னலைத் திறந்து விடும், வாடை அடிச்சா மூடிப்போடும், உப்புக் கூடுனா தண்ணி கேக்கும், சர்க்கரை குறைஞ்சா பசிக்கச் சொல்லும். வெளிய கொதிச்சாலும் குளிர்ந்தாலும் உள்ள ஒரே அளவுல வச்சிருக்கும். ஒருத்தர் கண்ணுலயும் படாம, ஒரு நாள் லீவு போடாம. உங்க ஊர்க்காரங்க எண்பத்து நாலு வீட்டு ஜன்னலையும் பூட்டிட்டு உன் ஒரு ஜன்னலைத் திறந்து போட்டிருக்காங்க. அவங்க வீட்டுச் சூடெல்லாம் உன் வீட்டு வழியாப் போகுது."

"அடைக்கதுக்கு வழி?"

"எனக்குத் தெரிஞ்சது பாராசிட்டமாலும் உப்புத் தண்ணியும்தான். நீ எதைக் குடிச்சியோ அதைத் திருப்பிக் கொடுத்துப் பாரு."

அது எனக்கும் தோன்றிய விசயம்தான். அதே குடத்தைக் கழுவித் தெருக்குழாய்ப் பக்கத்தில் வைத்தேன். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கும்பிட்டுச் சொன்னேன்: வீட்டுக்கு ஒரு கை தண்ணீர், குழாயைத் திறந்தால் ஒரு கை, அவ்வளவுதான், மறுபடி காளவாசலில் ஊற்றிவிடுகிறேன், என் பிள்ளைக்குப் பால் வேண்டும். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. "அதுக்கென்ன, ஊத்துனாப் போச்சு" என்றார்கள். என் உள்ளங்கை அன்று முழுக்கச் சொட்டியது. சாயங்காலம் குடத்தை எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு கடலைமிட்டாய்த் தாள் கிடந்தது.

"நான் ஊத்திருப்பேன்ட்டி. மத்தவங்க ஊத்தணுமேன்னு பாத்தேன்" என்றாள் கோமதி சித்தி, பட்டுச்சேலை மடிப்பை நீவிக்கொண்டே.

கமிட்டியில் முறையாக எழுதிக் கொடுத்தேன். மூன்று மணி நேரம் பேசினார்கள். முடிவில் என் சேவையைப் பாராட்டுவது என்று ஒரு மனதாகத் தீர்மானம் போட்டு, கத்திரி வெயிலில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சரிகை வைத்த, தடிமனான, நல்ல கம்பளி மாதிரிப் பொன்னாடை. அதற்குள் நான் நின்றதைத் தவமணி கீழே உட்கார்ந்து பார்த்தார், கைத்தட்டினார்.

வீட்டுக்கு வந்து, "அத்தான், பிள்ளை எலும்பு தெரியுது. நாம எங்க அம்மா ஊருக்குப் போயிருவோம்" என்றேன்.

"போனா கமிட்டியில என்ன நினைப்பாங்க? அடுத்த கூட்டத்துல நானே எந்திச்சுப் பேசுதேன், பாரு."

என் உள்ளங்கையிலிருந்து தரையில் ஒரு சொட்டு விழுந்தது. அதை அவர் பார்க்கவில்லை. அன்றே பொட்டலம் கட்டிக்கொண்டு பிள்ளையோடு மினிபஸ்ஸில் ஏறினேன், பதினாலு கிலோமீட்டர் தள்ளி இறங்கியும் வேர்த்தது, பீடியும் வெங்காயமும் ஜவ்வாதும் வெந்தயமும் ஒன்று விடாமல் கூடவே வந்து இறங்கின. மறுநாள் திரும்பி வந்துவிட்டேன். ஓடினால் தீராது என்று தெரிந்துபோனது.

நர்சம்மா சொன்ன பத்து நாளில் ஏழாவது நாள் சொர்ணபாண்டியின் பேத்திக்குக் காதுகுத்து. காளவாசலுக்கு நேர் எதிரே, கல் உடைக்கிற களத்தைக் கூட்டிச் சுத்தம் செய்து, பெரிய பந்தல் போட்டுக் கிடாக்கறி விருந்து. அவ்வளவு பெரிய நெருப்புக்குப் பக்கத்தில், அவ்வளவு வெயிலில், பட்டும் பவுடருமாக எண்பத்து நாலு வீட்டாரும் உட்கார்ந்து சாப்பிடுவதை வெளியூர்க்காரர்கள் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் அந்த இடம்.

நானும் போனேன். பந்திக்கு நேராக நடந்தபோது ராஜகனி அக்கா குறுக்கே வந்தார்.

"அன்னக்கொடி, தப்பா நினைக்காத. சம்பந்தி வீட்டு ஆளுக இருக்காங்க. நீ பின்னால, கை கழுவுற இடத்துல இருந்துக்கோ. சாப்பிட்டு வர்றவங்களுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்திவிட்ட மாதிரியும் இருக்கும், வாடை அங்கயே நின்ன மாதிரியும் இருக்கும்."

ஜவ்வாது வாடை என் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. "சரிக்கா" என்றேன்.

கை கழுவுகிற இடத்தில் ஒரு டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது, ஒரு சொம்பு இருந்தது. பிள்ளையைத் தரையில் பொன்னாடையை விரித்து உட்கார வைத்தேன். பசியில் அழுது அழுது அவனுக்குக் குரல் கம்மியிருந்தது. யாரோ கொடுத்த பாயசக் கிண்ணத்தில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தான். முதல் பந்தி எழுந்து வந்தது. முதல் ஆளின் கைமேல் தண்ணீரை ஊற்றினேன், அவர் கையிலிருந்து குழம்பும் சோற்றுப் பருக்கையுமாக அது மண்ணில் விழுந்தது. விழுந்ததைப் பார்த்தேன். ஒரு வீட்டு ஆள். ஒரு கை தண்ணீர்.

வேகமாக வீட்டுக்கு ஓடி அந்தக் குடத்தை எடுத்து வந்து காலடியில் வைத்தேன்.

"என்னத்துக்குட்டி குடம்?" என்றாள் கோமதி சித்தி, எலும்பைக் கடித்துத் துப்பியபடி கையை நீட்டிக்கொண்டு.

"மாட்டுக்குச் சித்தி. கழுவின தண்ணிய ஏன் வீணாக்கணும்?"

"அதுவும் சரிதான். நல்லா ஊத்து, நெய்ப்பசை போக மாட்டேங்கு."

நல்லா ஊற்றினேன். வீட்டுக்கு ஒரு கை குடத்தில், மிச்சம் மண்ணில். வெளியூர் ஆளோ, ஒரே வீட்டில் ரெண்டாவது ஆளோ வந்தால் கால் பெருவிரலால் குடத்தை ஓரம் தள்ளினேன், அடுத்த வீட்டு ஆள் வந்தால் இழுத்து வைத்தேன். கேட்டபோது ஒரு சொட்டு கொடுக்காதவர்கள் அன்றைக்கு வரிசையில் நின்று, ஏப்பம் விட்டுக்கொண்டு, ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொண்டு கொடுத்தார்கள். வாத்தியார் கொடுத்தார், ரேசன் கடைக்காரர் கொடுத்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் கொடுத்தவர்களும் உண்டு. சொர்ணபாண்டி மட்டும் வரவில்லை. பெரிய மனிதர்கள் உட்கார்ந்த இடத்திலேயே கிண்ணத்தில் எலுமிச்சம்பழத் துண்டு போட்டுக் கை கழுவுவார்களாம். அந்தக் கிண்ணத்தைக் கொட்ட ராஜகனி அக்கா பின்பக்கம் வந்தார். "இதுலயே ஊத்திருங்கக்கா, மாட்டுக்கு" என்றேன். எலுமிச்சம்பழத் துண்டோடு விழுந்தது.

மிச்சம் ஒரு வீடு. எங்கள் வீடு.

கடைசிப் பந்தியில் தவமணி எழுந்து வந்தார். கையை நீட்டினார், குடத்தைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார். பதினெட்டு வருசமாகக் காளவாசலில் கல் அடுக்குகிறவர், அந்தக் குடம் அவருக்குத் தெரியாதா?

"மாட்டுக்குன்னு சொன்னியாம். நம்மகிட்ட ஏது மாடு?"

சொம்பைச் சாய்த்துப் பிடித்தேன். குழம்பு காய்ந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேடையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், சட்டையின் இஸ்திரி மடிப்பைப் பார்த்தார்.

"வேணாம் அன்னக்கொடி. கமிட்டியில பேசி முடிச்சுருவோம். நான் சத்தியமாப் பேசுதேன்."

சொம்பு என் கையிலிருந்து வழுக்கப் பார்த்தது, கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு பழைய பேப்பரில் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்.

கீழே முகிலன் பாயசக் கையைத் தூக்கி என்னைப் பார்த்து ஆட்டினான். முழங்கை வரைக்கும் சேமியா. அவனும் எங்கள் வீட்டு ஆள்தானே. தூக்கி, குடத்தின் வாய்க்கு மேலே அந்தச் சின்னக் கையைப் பிடித்துக் கழுவினேன்.

பந்தலில் சொர்ணபாண்டி மைக்கைப் பிடித்திருந்தார். "வெளியூரிலிருந்து வந்திருக்கிற சொந்தங்களே, இந்த வெயிலில், இந்த நெருப்புக்கு முன்னால், எங்கள் ஊரில் ஒரு நெற்றி நனைந்திருக்கிறதா பாருங்கள். இது யார் கொடுத்ததும் இல்லை. இது எங்கள் ரத்தம். எங்கள் உழைப்பு" என்று பேசிக்கொண்டிருந்தபோது, நான் இடுப்பில் பிள்ளையும் தோளில் குடமுமாகப் பந்தலுக்கு நடுவே நடந்து, களத்தைத் தாண்டி, காளவாசலின் வாய்க்கு முன்னால் நின்று, குழம்பும் பருக்கையும் எலுமிச்சம்பழமும் சேமியாவும் மிதந்த எண்பத்து நாலு கைத் தண்ணீரையும் ஒரு சொட்டு மீதமில்லாமல் ஊற்றினேன்.

புஸ்ஸென்று வெள்ளையாக ஆவி எழுந்தது. அது அடங்குவதற்குள் என் முதுகு உலர்ந்தது.

முதலில் மைக் விழுந்தது. சொர்ணபாண்டியின் உள்ளங்கையிலிருந்து வழுக்கி, மேடையில் விழுந்து, கீச்சென்று கத்தியது. பிறகு ஒரு மாதத்து வேர்வை மொத்தமும் ஒரே மூச்சில் வந்தது. பவுடர் சுண்ணாம்பாகக் கரைந்து கழுத்தில் இறங்கியது, பட்டுச்சேலைகள் உடம்போடு ஒட்டி நிறம் விட்டன, ஜவ்வாதும் வெந்தயமும் பீடியும் வெங்காயமும் சாக்பீசும் தங்கள் தங்கள் சொந்தக்காரர்களைத் தேடிப் போய்ச் சேர்ந்தன, துண்டு இல்லாத தோள்களைத் தடவிப் பார்த்தபடி ஆண்கள் வேட்டி நுனியால் துடைத்தார்கள், எண்பத்து நாலு வீட்டாரும் ஒருத்தர்மேலிருந்து ஒருத்தருக்கு வந்த வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளியூர்க்காரர்கள் மட்டும், ஏற்கெனவே நனைந்து பழகியவர்கள், விசிறிக்கொண்டே பாயசம் குடித்தார்கள்.

"ஏட்டி! என்னத்தட்டி ஊத்துன?" என்று சொர்ணபாண்டி ஓடி வந்தார், கண்ணில் வழிந்ததைத் துடைக்க முடியாமல்.

"நீங்க எல்லாரும் கை கழுவின தண்ணி அண்ணாச்சி."

"எச்சித் தண்ணியவா? காளவாசலுக்கு எச்சித் தண்ணியவா ஊத்துன?"

"காளவாசலுக்கு என்ன கண்ணா இருக்கு?" என்றேன்.

குடத்தை அவர் காலடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன். தவமணி பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தார். இஸ்திரிச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "அன்னக்கொடி, கமிட்டியில கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார். "வேர்க்குதுன்னு சொல்லுங்க" என்றேன். நின்றுவிட்டார்.

ஊர் எல்லையில் அந்தப் பலகை போடுகிற நிழல் ஒரு ஆள் உட்காரப் போதும். வழியில் குழாயைத் திறந்து வயிறு முட்டக் குடித்திருந்தேன். வேர்க்காத ஊர் என்ற எழுத்துக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் கிடத்தினேன். வெறும் மார்பைச் சப்பிச் சப்பி ஏமாந்தவன், இந்தத் தடவையும் நம்பாமல்தான் வாயை வைத்தான். ரெண்டு இழுப்பு, மூன்று இழுப்பு. பிறகு உள்ளே எங்கேயோ சுருக்கென்று குத்தி, பால் இறங்கியது. மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்டது.

நல்ல பசியில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தலை வேர்க்கும். ஒரு மாதமாக முகிலனுக்கு வேர்க்கவில்லை. அவனுடையதையும் நானே வேர்த்தேன், அந்த எண்பத்து நாலு வீட்டு வேர்வையில் அது ஒன்றுதான் எனக்குப் பாரமாக இல்லாமல் இருந்தது. இப்போது அவன் மூக்கு நுனியில் ஒரு பொடிச் சொட்டு கிளம்பியது. அப்புறம் மேலுதட்டில் ஒன்று. அப்புறம் நெற்றி முழுக்க, முடி ஒட்டுகிற அளவுக்கு.

முந்தானையைத் தூக்கினேன். துடைக்கவில்லை. விசிறிவிட்டேன்.